ஒன்பதாம் பெட்டிக்கு வில்லங்கச் சான்று

ரப்பர் தளிர்விடும் மாசியில்
பூவில்லாமலே தேன் வரும் எங்கள் பக்கம்;
இலைக்காம்பில் ஊறுவது.
பளுகல் தாண்டினால் கேரளம்.
என் பன்னிரண்டு பெட்டிகளில் ஐந்து அங்கே,
சசிதரன் நாயருடைய எண்பது சென்டில்.
வாடகை இரண்டு குப்பி தேன்.
தேனீக்கு சர்வே கல் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.
தெரியும் என்றே இப்போது தோன்றுகிறது.

பகலில் நான் பத்திர எழுத்தர்.
கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை.
அதிகம் எழுதியது விடுதலைப் பத்திரம்:
எனக்குள்ள பாத்தியதை முழுவதையும்
என் சகோதரருக்கு மனப்பூர்வமாய் விட்டுக்கொடுத்து...
மனப்பூர்வம் என்ற சொல்லைக்
கை தானாகவே எழுதிவிடும்.

பெட்டிக்குள்ளும் அதே பத்திரம்தான், மையில்லாமல்.
ராணி ஆணையிடுவதில்லை. ஒரு மணம், அவ்வளவுதான்.
அவளை நக்கியவள் அடுத்தவள் வாயில் வைக்க,
அவள் அதற்கடுத்தவளுக்கு.
பத்தாயிரம் வயிறுகள்
சூல்பையைச் சுருட்டி வைத்துக்கொள்கின்றன.
எவளாவது மறைவாய் ஒரு முட்டை இட்டால்
கூடப்பிறந்தவளே மோந்து கண்டுபிடித்துத்
தின்றுவிடுவாள்.

இதற்கும் கணக்கு உண்டு. நானே போட்டுப் பார்த்தேன்,
கெட்டுப்போன முத்திரைத்தாளின் பின்புறம்.
ராணி பல ஆண்களோடு கூடிப் பறந்து வந்தவள்;
மக்கள் பல தகப்பன் வழி.
தன் மகன் என்றால் ரத்தத்தில் அரை.
ராணியின் மகன், அதாவது தம்பி, கால்.
வேறு தகப்பனுக்குப் பிறந்த தமக்கையின் மகன்
அரைக்கால்.
காலுக்காக அரைக்காலைத் தின்கிறார்கள்.
மருமகனுக்கே சொத்து என்று
தலைமுறை தலைமுறையாய் எழுதிவைத்த மண்ணில்
மருமகனை முட்டையிலேயே தீர்க்கிறது பெட்டி.
நாயரிடம் சொன்னேன்.
அம்மாவன் கொடுத்த பறம்பில் வீடு கட்டியவர்;
சிரிக்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒன்பதாம் பெட்டியில் ராணி இல்லை.
அடை மாற்றும்போது
என் விரலே நசுக்கியிருக்கலாம்.
மூன்று வாரம் கழித்துத் திறந்தால்
ஓர் அறையில் மூன்று முட்டை, நான்கு முட்டை,
சுவரில் கோணலாய் ஒட்டியவை.
குட்டை வயிறு; அடி எட்டாது.
விடுதலைப் பத்திரம் அத்தனையும் ரத்து.
பிறப்பதெல்லாம் ஆண்:
தகப்பன் கிடையாது, தாத்தா மட்டும் உண்டு.
தேன் கொண்டுவர ஆளில்லை.
மூலையில் மெழுகுப்புழு நூல் கட்டத் தொடங்கியிருந்தது.

அதே வாரம் வந்தார்கள் ஸ்நேகபாயும் றெஜிலாவும்.
ஒரே அம்மா, இரண்டு அப்பா.
தம்பி கிங்ஸ்லின் கார் பிடித்து அழைத்து வந்திருந்தான்.
பதினாலு சென்ட், ஒரு கிணறு.
மூத்தவள் கையெழுத்துப் போட்டாள்.
இளையவள் "மனப்பூர்வமாய்" வரை வாசித்தாள்.
நின்றாள்.
"இத நான் சொன்னேனா?"
மூத்தவள் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை
ஏற்கெனவே கண்டிருக்கிறேன்,
அடைமேல் குனிந்திருக்கையில்.

அன்று சாயங்காலம்
ஒன்பதைத் தூக்கி நான்கின்மேல் வைத்தேன்.
நடுவே நாயர் வீட்டு மலையாளப் பத்திரிகை ஒரு தாள்,
ஊசியால் நாலு துளை.
கடித்து முடிப்பதற்குள் மணம் பழகிவிடும்,
மணம் பழகினால் சண்டை குறையும்.
அப்படித்தான் சொல்வார்கள்.

விடியும்போது வாசலடியில்
கடித்துத் துப்பிய காகிதத் துணுக்குகள்,
உருண்டை எழுத்துகள் பாதி பாதியாய்.
நடுவே செத்தவை பதினேழு.
முட்டையிட்டவர்கள் இவர்கள்தானா?
பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே நிறம்.

றெஜிலா இன்னும் வரவில்லை.
தாள் என் இழுப்பறையில் கிடக்கிறது,
அவள் பேனா ஊன்றிய இடத்தில் ஒரு புள்ளி மையோடு.
கிங்ஸ்லின் இரண்டு தடவை போன் செய்தான்.
பெட்டி திறந்து வைத்திருக்கிறேன்,
அப்புறம் பேசுகிறேன் என்றேன்.
ஆபீசில்தான் இருந்தேன்.